ஓடத் தெரியாதவள் எழுதும் பார்க்ரன் மதிப்பீடு

பூங்காக்களில் வாராவாரம் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டமான பார்க்ரன் பற்றிப் படிக்கக் கிடைக்கும் மதிப்பீடுகள் எல்லாமே ஓட்டக்காரர்கள் எழுதியவை. தடம் தாரா புல்லா, ஏற்றம் உண்டா, மழைக்குப் பிறகு சேறு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக அலசுகிறார்கள். எனக்கு அவற்றில் ஒரு வரிகூடப் பயன்படவில்லை. நான் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு. ஐம்பதைத் தொட்ட, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஒரு பெண் அங்கே போனால் அவளுக்குச் சிநேகிதம் கிடைக்குமா? கிடைத்தால் நிலைக்குமா? இதற்கு யாரும் பதில் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். இடம், கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் உள்ள வேலண்டைன்ஸ் பூங்கா. நேரம், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கட்டணம் கிடையாது.

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு நட்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பையனைப் பள்ளியில் சேர்த்தவுடன், வாசலில் காத்து நிற்கும் அம்மாக்களின் கூட்டம் தானாக அமைந்துவிட்டது. என் கைப்பேசியில் இன்றைக்கும் அவர்கள் 'நிதின் அம்மா', 'சாரா அம்மா' என்றுதான் இருக்கிறார்கள். பாதிப் பேரின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நிதினும் என் பையனும் வேறு வேறு பள்ளிகளுக்குப் போனார்கள்; நிதின் அம்மாவும் நானும் தீபாவளிக்கு ஆளுக்கொரு வாழ்த்துப் படம் அனுப்பிக்கொள்வதோடு சரி. பையன் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் மிச்சமிருந்ததும் வடிந்துவிட்டது. திருச்சியில் என்னோடு படித்தவள் ஒருத்தி இங்கே இருந்தாள். அவள் கணவருக்கு வேலை மாறி, குடும்பத்தோடு டொரொண்டோ போய்விட்டாள். அவள் சமையலறையைத் துடைத்துவிட்டு நிம்மதியாக உட்காரும் நேரம் எனக்கு நடுநிசி. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசுவதே பெரிய பாடு. பேச ஆரம்பிக்கும்போது ஒருவருக்கு ஷிப்ட் முடிந்துவிடும்.

முதலில் ஒரு செயலியை முயன்றேன். பெயர் வேண்டாம். வரன் பார்க்கும் செயலிகளின் அதே வார்ப்பு: நல்ல புகைப்படம் இரண்டு, என்னைப் பற்றி மூன்று வரி, பிடித்தால் வலப்பக்கம் தள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அவளோடு எனக்குச் சிநேகிதம் வேண்டாம் என்று இடப்பக்கம் தள்ளுவதற்கு என் கை கூசியது. எல்லோரையும் வலப்பக்கமே தள்ளினேன். பதில் எழுதியவர்களோடு இரண்டு வாரம் நன்றாகத்தான் பேசினேன். அதற்குப் பிறகு வந்தது 'எப்போது சந்திக்கலாம்?' என்ற கட்டம். எனக்கு ஆகும் நாள் அவர்களுக்கு ஆகாது, அவர்களுக்கு ஆகும் நாள் எனக்கு ஷிப்ட். 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்ற வரியோடு ஒவ்வொரு உரையாடலும் நின்றது. என்னை யார் யாருக்குப் பிடித்திருக்கிறது என்று முழுப் பட்டியலையும் காட்ட மாதச் சந்தா கேட்டார்கள். அன்றோடு அழித்துவிட்டேன்.

தமிழ்ச் சங்க விழாக்களையும் விடவில்லை. அங்கே வருவது குடும்பங்கள். பையன் என்ன படிக்கிறான், வீடு சொந்தமா வாடகையா, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு வரிசை நகர்ந்துவிடும்.

இனி பார்க்ரன். வாராவாரம் சனிக்கிழமை, ஒரு பூங்காவில், ஐந்து கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் கலந்து செய்யலாம். இணையத்தில் ஒரே ஒரு முறை பதிவு செய்தால் உங்களுக்கென்று ஒரு பார்கோடு தருவார்கள். அதை அச்சடித்தோ கைப்பேசியிலோ கொண்டுபோனால் போதும். 20க்கும் மேற்பட்ட நாடுகளில் எந்தப் பார்க்ரனிலும் அது செல்லும், சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா உட்பட. முடிவுக்கோட்டைத் தாண்டினால் எண் போட்ட ஒரு பிளாஸ்டிக் டோக்கனைக் கையில் தருவார்கள். டோக்கனையும் பார்கோட்டையும் ஸ்கேன் செய்துவிட்டு டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் உங்கள் நேரம் மின்னஞ்சலில் வந்துவிடும். இவ்வளவையும் நடத்துபவர்கள் தன்னார்வலர்கள்.

கட்டணமில்லை என்பதில் இவர்கள் காட்டும் பிடிவாதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2016இல் பிரிஸ்டலுக்கு அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டோக் கிஃபோர்ட் உள்ளாட்சி மன்றம், பூங்காப் பராமரிப்புக்குப் பணம் கட்டுங்கள் என்று தீர்மானம் போட்டது. பார்க்ரன்காரர்கள் பணம் கட்டுவதற்குப் பதில் அந்த நிகழ்வையே மூடிவிட்டார்கள். அன்று செய்தியில் படித்தபோது இது என்ன வீம்பு என்றுதான் நினைத்தேன். சந்தா கேட்ட செயலியைப் பார்த்த பிறகு அந்த வீம்பு எனக்கு விளங்குகிறது. காசு கொடுத்திருந்தால் 'என் காசுக்கு என்ன கிடைத்தது?' என்று நான் சனிக்கிழமைதோறும் கணக்குப் பார்த்திருப்பேன். முதல் மாதத்திலேயே கணக்கு உதைத்திருக்கும்.

ஏனென்றால் முதல் மாதத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். சுடிதாரும் விலை குறைந்த காலணியுமாகப் போய் நின்றேன். புதியவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விதிகளை விளக்கினார்கள். யாரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அது பெரிய ஆறுதல். நடந்தேன். வேலண்டைன்ஸில் ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும் என்பதால் வேகமாக ஓடுகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், மறு சுற்றில் மறுபடி தாண்டினார்கள். ஒவ்வொருவரும் மூச்சு வாங்கிக்கொண்டே 'நன்றாகச் செய்கிறீர்கள்' என்றார்கள். ஆங்கிலேயர்களின் இந்த உபசாரத்தை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். அதைச் சொன்னவருக்கு அடுத்த வாரம் உங்கள் முகம் நினைவிருக்காது. முடித்துவிட்டுத் தனியாகவே கான்ட்ஸ் ஹில் வரை நடந்து வீடு திரும்பினேன். கொழுப்பு குறைந்திருக்கலாம். சிநேகிதம் சேரவில்லை.

ஓடுவது தனியாள் வேலை என்பதுதான் காரணம். கூட்டத்தோடு கூட்டமாகப் போனாலும் அவரவர் மூச்சு அவரவருக்கு. வேகம் ஆட்களைப் பிரித்துவிடுகிறது. இருபத்தைந்து நிமிடத்துக்காரரும் ஐம்பத்தைந்து நிமிடத்துக்காரியும் சந்திக்க வழியே இல்லை. ஆகவே இந்த மதிப்பீட்டில் நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை ஒன்றுதான்: நட்பு வேண்டுமென்றால் ஓடப் போகாதீர்கள், வேலை கேட்டுப் போங்கள். அடுத்த வாரத்துக்கு ஆள் போதவில்லை என்று ஒருநாள் அறிவித்தார்கள். கை தூக்கினேன். அன்றுதான் எனக்குப் பார்க்ரன் தொடங்கியது.

எல்லா வேலையும் ஒன்றல்ல. முடிவுக்கோட்டில் நேரம் குறிப்பவர் தலையை நிமிர்த்தவே முடியாது. பக்கத்தில் நிற்பவரின் சட்டை நிறம்கூடத் தெரியாது. ஸ்கேன் செய்பவருக்கு நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கக் கிடைக்கும், ஆனால் வியர்த்த கையோடு வரிசையில் நிற்பவர் காபிக்குப் போகும் அவசரத்தில் இருப்பார். வளைவில் நின்று கைதட்டி வழிகாட்டும் மார்ஷல் வேலை கோடையில் சுகம், ஜனவரியில் தண்டனை. ஒரே வளைவில் இரண்டு பேரை நிறுத்தினால் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். குளிரில் கால் மாற்றி நிற்கும் இரண்டு பேர் பேசாமல் இருக்க முடியாது.

கூட்டத்தின் வாலாக நடப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவர்தான் அதிகாரபூர்வமாகக் கடைசி. மற்றவர்கள் யாருக்கும் கடைசியாக வந்த அவமானம் கிடையாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. நட்புக்கு இது முதல்தரமான பதவி. கடைசியில் நடப்பவர் யாராக இருந்தாலும் அவரோடு ஒரு மணி நேரம் கூடவே போக வேண்டும், விட்டுவிட்டுப் போகக் கூடாது. அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறுகிறவர், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிறவர், எடை குறைக்க மருத்துவர் சொன்னாரே என்று முகம் சிணுங்கி வருகிறவர் என்று பின்வரிசை எப்போதும் சுவாரசியமானது. இங்கிலாந்தில் பல மருத்துவ நிலையங்கள் நோயாளிகளைப் பார்க்ரனுக்கு அனுப்புகின்றன. 2018இல் குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரியோடு சேர்ந்து அதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் என் வேகத்துக்காரர்கள்.

ஆனால் உண்மையான விளைநிலம் ஓட்டம் முடிந்த பிறகுதான். திரும்பி வந்த டோக்கன்கள் ஒரு வாளியில் கலைந்து கிடக்கும். அடுத்த வாரத்துக்குள் அவற்றை ஒன்றிலிருந்து கடைசி எண் வரை வரிசைப்படுத்திக் கயிற்றில் கோத்து வைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அதைக் காபி மேசையில் கொட்டி உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் நூறு நூறாகப் பிரிப்பது, பிறகு பத்துப் பத்தாக. கைக்கு வேலை இருக்கிறது, மூளைக்கு இல்லை. கண்ணும் மேசையில்தான் இருக்கும், எதிரே இருப்பவரை நேராகப் பார்க்கத் தேவையில்லை. ஊரில் மத்தியான வேளையில் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய உட்காரும் பெண்கள் எதைத்தான் பேசமாட்டார்கள்? அதே சங்கதிதான் இது. மாமியார், மாதவிடாய் நிற்பது, அடமான வட்டி, பேசாமல் போன அண்ணன் என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். நடுவில் '173 எங்கே?' என்று ஒருவர் கேட்பார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மேசைக்கடியில் தேடுவோம். 173ஐ யாரோ சட்டைப்பையில் வீட்டுக்கே கொண்டுபோயிருப்பார்கள். திட்டிவிட்டுப் பேச்சுக்குத் திரும்புவோம்.

அந்த மேசையில்தான் எனக்கு இருவர் கிடைத்தார்கள். ஒருத்தி பருத்தித்துறைக்காரி. பார்த்த நொடியிலேயே என்னை 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டாள். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பது பல மாதம் கழித்துத் தெரிந்தது. இருவரும் சிரித்தோம், ஆனால் அக்கா மாறவில்லை. மற்றவர் ஜமைக்காவில் பிறந்த, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். இல்ஃபோர்டிலிருந்து நகரத்துக்குள் போகும் 25ஆம் எண் பஸ்ஸை ஓட்டியவர். அந்த வழித்தடத்தில் ஏறிய குடிகாரர்கள், பிரசவ வலிக்காரிகள், புறாக்கள் பற்றி அவரிடம் தீராத கதைகள் உண்டு.

அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வேலையிடத்தில் சேர்ந்து உழைக்கும் மணிகள் அவ்வளவாக இதில் ஏறுவதில்லை என்றும் சொல்கிறார். என் பரிசோதனைக்கூட அனுபவம் அதற்குச் சாட்சி. பூங்காவில் நடையும் டோக்கனும் தேநீருமாகச் சனிக்கிழமைக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். 50 மணி நேரத்துக்கு அரை வருடம். 200க்கு இரண்டு வருடம். மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூறு சந்திப்புகளில் ஒன்றைக்கூட யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். செயலி எங்கே தோற்றதோ அங்கே இது ஜெயிக்கிறது. 'எப்போது சந்திக்கலாம்?' என்ற கேள்விக்கு விடை நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. நான் ஷிப்டில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் வராவிட்டாலும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மூன்றாவது வாரம் போய் நின்றால் மேசையில் இடம் இருக்கிறது.

கிடைத்த நட்பைக் காப்பாற்றும் விஷயத்திலும் இந்த அமைப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எங்கள் பஸ் ஓட்டுநருக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓட்டக் கழகமாக இருந்திருந்தால் அத்தோடு அவர் கதை முடிந்திருக்கும். ஓடாதவருக்கு அங்கே என்ன வேலை? இங்கே அவரை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து நேரம் குறிக்கச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமைகூட வீட்டில் அடைபடவில்லை. பார்க்ரன் பிறந்த கதையே இதுதான் என்று அங்கேதான் ஒருவர் சொன்னார். பால் சின்டன்-ஹெவிட் என்பவருக்கு அடிபட்டு ஓட முடியாமல் போயிற்று; வேலையும் கையில் இல்லை. ஓட்டத்தால் கிடைத்த நண்பர்களை விட மனமில்லாமல், அவர்களை ஓடவிட்டுத் தான் ஏற்பாட்டாளராக நின்றார். 2004 அக்டோபர் 2, லண்டன் புஷி பூங்கா, ஓடியவர்கள் 13 பேர். அப்போது டோக்கன்கூட இல்லை, இரும்புக்கடை வாஷரில் எண் பொறித்துக் கொடுத்தார்களாம். ஓடியவர்களை விட்டுவிட்டு, ஓடாமல் நின்றவரின் தேவைக்காக உருவான ஏற்பாடு என்பதால்தானோ என்னவோ, ஓடாதவர்களுக்கு இங்கே மரியாதை குறைவதில்லை. 25, 50, 100 என்று ஓட்ட எண்ணிக்கைக்கு டி-ஷர்ட் போட்டுக்கொள்வதுபோலத் தன்னார்வப் பணிக்கும் உண்டு. இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சேதி, மதிப்பீட்டுக்குத் தேவையில்லாதது. வேலண்டைன்ஸ் மாளிகையில் ஒரு கறுப்புத் திராட்சைக் கொடி இருந்தது. அதன் ஒரு துண்டை 1768இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கொண்டுபோய் நட்டார்கள். உலகப் புகழ்பெற்ற அந்தக் கொடி இன்னும் காய்க்கிறது. அந்த அரண்மனையை ஒட்டி இருப்பதுதான் புஷி பூங்கா. நாம் அவர்களுக்குத் திராட்சை கொடுத்தோம், அவர்கள் நமக்குப் பார்க்ரன் கொடுத்தார்கள் என்று எங்கள் மேசையில் சொல்லிக்கொள்வோம்.

குறைகளுக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை என்பது தமிழ்க் குடும்பங்களுக்கு எப்போதுமே இடைஞ்சல். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி, பரதநாட்டியம், கணக்கு டியூஷன் எல்லாம் அன்றைக்குத்தான். இல்ஃபோர்டில் நம்மவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பூங்காவில் அவர்களைப் பார்ப்பது அரிது. பிள்ளை வளர்ந்த பிறகுதான் என்னாலேயே வர முடிந்தது. நட்பு அதிகம் தேவைப்படும் முப்பதுகளில் இருக்கும் அம்மாக்களுக்கு இது வாய்ப்பதில்லை.

இரண்டாவது குறை பெரியது. பூங்காவின் வாசலோடு பார்க்ரனின் வேலை முடிந்தது. அதைத் தாண்டி யாரும் உங்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் சனிக்கிழமை நண்பர்களாகவே இருந்து, வீடு மாறியதும் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். வாசலைத் தாண்டும் முதல் அடியை நீங்கள்தான் வைக்க வேண்டும், அது சங்கடமானது. 'வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்' என்று அழைத்தால் நம்மவர்களுக்கு அது விருந்து. வீடு துடைத்து, ஆறு கறி சமைத்து, அவர்களும் பதிலுக்கு ஆறு கறி சமைக்க வேண்டிய கடன். நான் பருத்தித்துறைக்காரியிடம், "மீன் வாங்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டேன். வந்தாள். கடைக்காரர் எடுத்துக் காட்டிய விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வேண்டாம். கண்ணும் உள்ளே போய்விட்டது" என்று தமிழில் சொல்லி, கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் இனிமையாக நன்றியும் சொன்னாள். அவர் தமிழர். மூவருமாகச் சிரித்து ஓய்ந்த பிறகு உள்ளே போய் வேறு மீன் கொண்டுவந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் மீன்கடை எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அடுத்து பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் துணை, பிறகு கண் மருத்துவமனைக்குத் துணை. இந்த வயதில் நேரம் ஒதுக்கிச் சிநேகிதம் செய்ய முடியாது. எப்படியும் போக வேண்டிய இடத்துக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஓட்டத்துக்கு மதிப்பெண் தர எனக்குத் தகுதி இல்லை. நட்புக்கு ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று தமிழ்ப்பள்ளிக்காக. உடனடியாக ஆள் தேவைப்படுகிறவர்களுக்கும், பேச்சை எடுத்தவுடன் மனம் ஒட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் இது சரிவராது. ஒரே மனிதரின் ஒரே கதையை நான்காம் முறை கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

வருவதாக இருந்தால்: சென்ட்ரல் லைன் ரயிலில் கான்ட்ஸ் ஹில்லில் இறங்கினால் பூங்கா நடை தூரம். எட்டே முக்காலுக்கே வந்துவிடுங்கள், புதியவர்களுக்கான விளக்கம் அப்போதுதான். பார்கோடு இல்லாவிட்டால் உங்கள் நேரம் பதிவாகாது. ஆனால் யாரும் விரட்ட மாட்டார்கள். ஓரிரு முறை நடந்து பார்த்துவிட்டு, ஒளிரும் மேல்சட்டை போட்டிருக்கும் யாரிடமாவது போய் அடுத்த வாரத்துக்கு வேலை கேளுங்கள். எது வேண்டும் என்று கேட்டால் கூட்டத்தின் கடைசியில் நடக்கும் வேலையைச் சொல்லுங்கள். முடித்ததும் கிளம்பிவிடாமல் டோக்கன் வாளி எந்த மேசைக்குப் போகிறது என்று பாருங்கள். 100 முதல் 199 வரை பிரிக்க எப்போதும் ஆள் போதாது.